சின்னவளின் ஜன்னல்

காலையில் சின்னவளின் சிரிப்புதான் முதலில் மாடியேறி வரும். ஆள் அப்புறம்தான் வருவாள். இத்தனைக்கும் பெரியவளும் அவளும் ஒரே வீட்டிலிருந்து, ஒரே பஸ்ஸில்தான் வேலைக்கு வருகிறார்கள். இறங்கியதும் பெரியவள் விடுவிடுவென்று நடந்து மேலே போய்விடுவாள். சின்னவள் கீழே சைக்கிள் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை, படிக்கட்டைப் பெருக்கும் அம்மாவிடம் ஒரு வார்த்தை என்று நின்று பேசிவிட்டு, எதற்கோ கலகலவென்று சிரித்துக்கொண்டு வருவாள். அந்தச் சத்தம் காதில் விழுந்ததுமே பெரியவளுக்கு அடிவயிற்றில் பற்றிக்கொள்ளும். சிரிக்கும்படியாக அந்த அழுக்குப் படிக்கட்டில் அப்படி என்னத்தைத்தான் கண்டுவிட்டாள் இவள்?

மாடியில் இருந்தது ஒரு பல் பட்டறை. பல் பிடுங்கும் இடமல்ல, பல்செட் செய்யும் இடம். டாக்டர்கள் பல்லில்லாத வாய்களை அச்செடுத்து இங்கே அனுப்புவார்கள். மாவு அண்ணன் என்று எல்லோரும் கூப்பிடும் ஆள் அந்த அச்சில் வெள்ளை மாவைக் கரைத்து ஊற்றி ஈறு வார்ப்பார். மேல் ஈறையும் கீழ் ஈறையும் ஒரு பித்தளைக் கருவியில் பூட்டினால் திறந்து மூடும். பட்டறையில் அதற்கு ‘வாய்’ என்றே பெயர். அந்த வாயில் மெழுகால் வரம்பு கட்டிப் பல்லை ஒவ்வொன்றாக நட்டு நிறுத்துவது பெரியவளும் சின்னவளும். மெழுகு செட் டாக்டரிடம் போகும். அங்கே உரியவரின் வாயில் வைத்துப் பார்த்து, சரி என்றால் திரும்பி வரும். பிறகு மெழுகை உருக்கி எடுத்துவிட்டு இளஞ்சிவப்புப் பிளாஸ்டிக்கில் வேகவைப்பார்கள், பாலீஷ் அண்ணன் மெருகு போடுவார். சரியில்லை என்றாலும் திரும்பி வரும். அதற்கு ரிட்டர்ன் என்று பெயர். அந்த ஒரு சொல்லுக்குப் பட்டறையே முகம் சுருங்கும்.

பெரியவள், சின்னவள் என்பது வீட்டுப் பெயர். அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்ட ஓரகத்திகள் அவர்கள். சின்னவளை இங்கே கொண்டுவந்து சேர்த்ததே பெரியவள்தான். கொழுந்தனார் வேலை பார்த்த இடத்தை மூடிவிட்டார்கள், வீட்டில் முகம் தொங்கிப்போயிருந்தது. சரி, போனால் போகிறது என்று முதலாளியிடம் பேசி, கூட உட்கார்த்திவைத்து வேலையும் சொல்லிக்கொடுத்தாள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோம் என்பது போகப் போகத்தான் புரிந்தது.

பட்டறைக்கு இருப்பது ஒரே ஒரு ஜன்னல். பல்லின் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில்தான் சரியாகப் பார்க்க முடியும் என்பதால், முன்பல் நடுகிறவருக்கு அந்த ஜன்னலோர நாற்காலி. கடைவாய்ப்பல் நடுகிறவருக்கு உள்பக்க மேஜையும் டியூப்லைட்டும். கடைவாய்ப்பல் மெல்லுவதற்கு, முன்பல் முகத்துக்கு. டாக்டர்கள் புகழ்வதும் திட்டுவதும் முன்பல்லை வைத்துத்தான். பெரியவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து வருஷக்கணக்காகிறது. வீட்டில் அவளுக்கென்று அலமாரியில் ஒரு தட்டுகூடக் கிடையாது. எல்லாம் எல்லோருக்கும் பொது. இது என்னுடையது என்று அவள் உலகத்தில் சொல்லிக்கொள்ள அந்த நாற்காலி ஒன்றுதான் இருந்தது.

சின்னவளுக்கு முன்பல் இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. பட்டறை பாஷையில் அதற்கும் ‘ஜன்னல்’தான். டாக்டர் கேட்காமல் எந்த செட்டிலும் ஜன்னல் வைக்கக் கூடாது, வைத்தால் தப்பு. பல்லை வைத்துப் பிழைக்கிற இடத்தில், இப்படி ஒரு வாயை வைத்துக்கொண்டு ஒருத்தி வாய்விட்டுச் சிரிக்கிறாளே, கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா என்று பெரியவள் மனசுக்குள் பொருமுவாள். பெரியவளுடையது வரிசையான பல், பட்டறைக்கு அட்டையில் ஒட்டி விலைக்கு வரும் புதுப்பல் மாதிரி. அதை யாரும் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

இந்த நேரம் பார்த்து முதலாளி ஏதோ ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தார். வேலை செய்கிறவரின் மனசு நன்றாக இருந்தால் வேலையும் நன்றாக இருக்கும், உடம்பும் நன்றாக இருக்கும் என்று அங்கே யாரோ படம் போட்டு விளக்கியிருக்கிறார்கள். மனிதர் அப்படியே பிடித்துக்கொண்டார். மறுநாளிலிருந்து தினமும் காலையில் ஒவ்வொரு மேஜையாக வந்து நின்று, மனசு எப்படி இருக்கு என்று விசாரிப்பார். மாவு அண்ணன் ஜம்முனு இருக்கு சார் என்பார். பாலீஷ் அண்ணன் அமோகம் என்பார். சின்னவள் வாயைத் திறந்து பதில் சொல்வதற்குள் சிரித்துவிடுவாள், அதுவே பதில். பெரியவளிடம் வந்தால், இருக்கு சார் என்பாள். எப்படி இருக்கு என்று அவர் விடாமல் கேட்டால், இருக்கற இடத்துல இருக்கு என்பாள்.

எரிச்சல் என்னவென்றால், முதலாளி சொன்னதில் உண்மை இருந்தது. முன்பெல்லாம் மாவு அண்ணன் தலைவலி என்று நெற்றியைப் பிடித்துக்கொண்டே மாவு கரைப்பார், ஈறெல்லாம் குமிழ் குமிழாக இருக்கும். சின்னவள் வந்த பிறகு தலைவலியைக் காணோம், குமிழையும் காணோம். இடுப்பு வலி என்று லீவு போட்டுக்கொண்டே இருந்த பாலீஷ் அண்ணன் இப்போது எல்லோருக்கும் முன்னால் வந்து நிற்கிறார். அவள் பஸ்ஸில் நடந்ததைச் சொல்வாள், கடையில் நடந்ததைச் சொல்வாள், சுற்றி நிற்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், வேலையும் ஒரு பக்கம் மளமளவென்று நடக்கும். ரிட்டர்ன் குறைந்துவிட்டது. முன்பல்லைத் தவிர.

முன்பல் ரிட்டர்ன் ஏறிக்கொண்டே போனது. மெழுகு பொறுமை கேட்கிற பொருள். பல்லை நட்டுவிட்டு, அது ஆறும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அவசரப்பட்டுத் தொட்டால் ஆறும்போது பல் மயிரிழை நகரும். மயிரிழைதான், ஆனால் வாயில் வைத்தால் முகமே கோணலாகத் தெரியும். வயிறு எரிந்துகொண்டிருப்பவளுக்கு மெழுகு ஆறுகிறதா இல்லையா என்று பார்க்க எங்கே பொறுமை இருக்கும்? இத்தனை வருஷம் கண்ணை மூடிக்கொண்டு செய்த வேலை கையை விட்டு நழுவியது. சாப்பாடு இறங்கவில்லை. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறாய், பயமாக இருக்கிறது என்று புருஷன் சொன்னான். காலையில் எழுந்தால் தாடை கழன்றுவிடும்போல் வலித்தது.

ஒருநாள் முதலாளி அவளைத் தனியாகக் கூப்பிட்டார். கொஞ்ச நாள் உள்பக்க மேஜையில் இருந்து பாருங்களேன், உங்களுக்கும் ஓய்வாக இருக்கும், ஜன்னலோரத்தில் சின்னவள் உட்கார்ந்து பார்க்கட்டும் என்றார். அவள் முகம் போன போக்கைப் பார்த்து, மாசம் முடியட்டும், யோசிச்சுச் சொல்றேன் என்று பேச்சை முடித்தார். பெரியவள் திரும்பி வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைப்பிடிகளையும் இறுகப் பிடித்துக்கொண்டாள். அவளைத் தூக்கிக்கொண்டு போக அப்போது யாரும் வரவில்லை என்றாலும்.

அந்த வாரம் பார்த்து வேலை குவிந்தது. முன்பல், கடைவாய்ப்பல் என்று பிரித்துச் செய்ய நேரமில்லை. ஆளுக்கொரு செட்டாக எடுத்து முழுசாகவே செய்து டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார்கள். எது யார் செய்தது என்று யாரும் பார்க்கவில்லை.

பெரியவளின் கைக்கு ஒரு தையல்கார அம்மாவின் வாய் வந்தது. ஆள் யார், எப்படி இருப்பார் என்று தெரியாது. வயசும் தொழிலும் மட்டும் டாக்டர் சொல்லியிருந்தார். அவள் மெழுகுக் கத்தியை ஸ்பிரிட் விளக்கில் காட்டிக்கொண்டிருந்தபோது, சின்னவள் பஸ் கண்டக்டர் தன் விசிலைத் தானே தேடின கதையை ஆரம்பித்தாள். பாலீஷ் அண்ணன் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். மாவு அண்ணன் மாவுக் கையோடு வந்து நின்றார். முதலாளிகூட எட்டிப் பார்த்தார். பெரியவள் கேட்கக் கூடாது என்றுதான் குனிந்திருந்தாள். ஆனாலும் பல்லை நடுவாள், நிமிர்ந்து சின்னவளின் வாயைப் பார்ப்பாள், நடுவாள், பார்ப்பாள். பொறாமைப்படுகிறவர்களுக்கு இந்த ஒரு திறமை உண்டு. பிடிக்காதவரை அவர்கள் பார்க்கிற மாதிரி, பிடித்தவர்கள்கூட உற்றுப் பார்ப்பதில்லை. அப்படி என்ன இருக்கிறது இவள் வாயில் என்று பார்த்துக்கொண்டே இருந்ததில், கை சும்மா நின்ற நேரமெல்லாம் மெழுகு நன்றாக ஆறியது. வேலை முடிந்ததும் ஒருதரம் தூக்கிப் பார்க்கக்கூட அவளுக்கு மனசில்லை. டப்பாவில் வைத்து மூடினாள்.

இரண்டொரு நாளில் டாக்டர் போன் செய்தார். பேசி முடித்து வெளியே வந்த முதலாளியின் முகம் பளபளவென்று இருந்தது. எல்லோரையும் கூப்பிட்டு நிற்கவைத்துக் கதையைச் சொன்னார். தையல்கார அம்மா செட்டை வாயில் வைத்துக் கண்ணாடியைப் பார்த்திருக்கிறார். பிறகு ஒரே சிரிப்பு. சின்ன வயசில் அவருக்கு முன்பல்லில் அப்படி ஒரு சந்து இருந்ததாம், அந்தச் சந்தில் வைத்துத்தான் நூலை அறுப்பாராம். அது போய் எத்தனையோ காலமாகிவிட்டது, உங்களுக்கு யார் சொன்னார்கள் என்று டாக்டரைக் குடைந்தெடுத்துவிட்டார். இது மெழுகு, பார்ப்பதற்கு மட்டும்தான், கழற்றிக் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லச் சொல்லக் கேட்காமல், வாயில் மாட்டியபடியே தெருவில் இறங்கி நடந்துவிட்டார். எதிர்க்கடையில் நின்று சூடாக டீ குடித்திருக்கிறார். மெழுகு இளகி, முன்பல் இரண்டும் டீ கிளாஸுக்குள் விழுந்துவிட்டன.

பட்டறையே அதிரும்படி எல்லோரும் சிரித்தார்கள். அச்சு அசல் அதே மாதிரி இன்னொரு செட் வேண்டுமாம் என்று சொல்லி, டீ குடிக்கும் முன்பு டாக்டர் எடுத்த படத்தை முதலாளி செல்போனில் காட்டினார். தலைகள் கூடின. முதலில் கண்டுபிடித்தவர் பாலீஷ் அண்ணன்தான்.

“அட, இது நம்ம சின்னவளோட ஜன்னல்.”

எல்லோரும் படத்தைப் பார்த்தார்கள், சின்னவளைப் பார்த்தார்கள். இது யார் கை என்று கேட்கவே வேண்டியதில்லை என்றார் முதலாளி. மனசில் இருக்கிற சந்தோஷம் கை வழியாக இறங்கி வந்திருக்கிறது, நான் படித்துப் படித்துச் சொன்னேனே, கேட்டீர்களா என்றார். மாசம் முடிகிறவரை எதற்குக் காத்திருக்க வேண்டும், இந்த செட்டை ஜன்னலோரத்தில் உட்கார்ந்தே செய்யட்டும் என்றும் சொல்லிவிட்டார்.

பெரியவள் படத்தை இன்னொரு தரம் எட்டிப் பார்த்தாள். படத்தில் இருந்தது அவள் நட்ட பல். இடப்பக்கப் பல்லை லேசாகத் திருப்பி நிறுத்திய அந்தத் திருப்பம், ஈறை வழித்துவிட்ட அந்த வழிப்பு, எல்லாம் அவளுடையது. அது என் வேலை சார் என்று சொல்ல நாக்கு துடித்தது. சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும்? உங்களுக்கு எதற்கம்மா இவளுடைய பல்? பட்டறை முழுக்க நின்று பதிலுக்குக் காத்திருக்கும். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சின்னவளும் படத்தைப் பார்த்தாள். நாக்கு நுனி தானாகப் போய்த் தன் முன்பல்லைத் தொட்டுப் பார்த்தது. சிரிப்பு நின்றது. நான் செய்யவில்லை என்று அவள் சொல்லவில்லை. பெரியவளை ஒரே ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பேசாமல் போய் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தாள். கடைசியில் என் வேலையையும் எடுத்துக்கொண்டாள், நாற்காலியையும் எடுத்துக்கொண்டாள், எப்படி வாய் மூடி இருக்கிறாள் பார், கல்லுளிமங்கி என்று பெரியவள் டியூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து வெந்தாள்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் சின்னவள் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டிலும் பேசவில்லை. புருஷன் ஏதோ கேலி பேசியதற்குச் சிரிப்பு வந்துவிட, சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மறுநாளும் அப்படித்தான். பெரியவள் எதைக் கேட்டு வயிறெரிந்தாளோ, அது நின்றுவிட்டது. மாடிப்படி அமைதியாக இருந்தது. ஆனால் அவளுக்கு அதிலும் நிம்மதி இல்லை. சோறு போடும்போது அவள் புருஷன், சின்னவளுக்கு என்ன, உடம்புகிடம்பு சரியில்லையா, வீடே வெறிச்சென்று இருக்கிறதே என்று விசாரித்தான். பெரியவள் கரண்டியை ணங்கென்று வைத்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் பேசாமல்தான் இருக்கிறாள். உனக்கு உடம்பு சரியில்லையா என்று ஒரு நாய்கூட இதுவரை கேட்டதில்லை. இவள் ஒரே ஒருநாள் வாயை மூடினால் வீட்டுக்கே ஜுரம் வந்துவிடுகிறது.

ஜன்னலோரத்தில் உட்கார்ந்து சின்னவள் நட்டாள், கலைத்தாள், மறுபடி நட்டாள். நடுவில் சந்து இருந்தது; சந்து மட்டும்தான் இருந்தது. இதில் சிரிப்பு எங்கே அம்மா, பல் விழுந்த மாதிரி அல்லவா இருக்கிறது என்று முதலாளி செல்போனைப் பக்கத்தில் வைத்து வைத்துப் பார்த்தார். தையல்கார அம்மா தினமும் டாக்டருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். மாவு அண்ணனின் ஈறில் குமிழ்கள் திரும்பி வந்தன. பாலீஷ் அண்ணன் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். மனசு எப்படி என்று கேட்டுக்கொண்டு வந்த முதலாளிக்கு ஒரு மேஜையிலும் நல்ல பதில் கிடைக்கவில்லை.

மூன்றாவது தடவையும் சரிப்படாமல் போனபோது சின்னவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

“சார், அந்த செட்டு நான் பண்ணதில்ல. அக்கா பண்ணது.”

முதலாளி இவளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். இத்தனை நாள் ஏன் இரண்டு பேரும் சொல்லவில்லை என்று கேட்டதற்கு இருவருமே தரையைப் பார்த்தார்கள். அவருக்குத் தலை சுற்றியது. யார் செய்தீர்களோ தெரியாது, சாயங்காலத்துக்குள் எனக்கு அதே செட் வேண்டும் என்று பெரியவளிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பெரியவள் தன் நாற்காலிக்குத் திரும்பினாள். ஆனால் அன்றைக்கு எப்படிச் செய்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை. செல்போன் படத்தைப் பார்த்துப் பார்த்து நட்டாள். கை ஒழுங்காகத்தான் வேலை செய்தது. வந்தது என்னவோ செத்த பல். உதடு பல்லை எங்கே தொடுகிறது, எந்தப் பல் முந்திக்கொண்டு தெரிகிறது என்பதெல்லாம் படத்தில் பிடிபடவில்லை. அது சின்னவளின் வாயில்தான் இருக்கிறது. அந்த வாய் உள்பக்க மேஜையில் மூடிக் கிடந்தது.

மத்தியானம் ஆண்கள் எல்லோரும் சாப்பிடக் கீழே போன பிறகு, பெரியவள் கூப்பிட்டாள். சின்னவள் எழுந்து வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

“கொஞ்சம் சிரி.”

“எதுக்கு?”

“பல்ல பார்க்கணும்.”

“அன்னிக்குப் பார்த்ததெல்லாம் போதலையாக்கா?”

சின்னவள் சிரிக்கப் பார்த்தாள். உதடு விரிந்தது, அவ்வளவுதான். கண் நிறைந்து வழிந்துவிட்டது. பிறகு மடமடவென்று கொட்டித் தீர்த்தாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேறு பெயரே கிடையாதாம், ஓட்டை ஜன்னல் என்றுதான் கூப்பிடுவார்களாம். வெகுகாலம் கையால் பொத்திக்கொண்டுதான் சிரிப்பாளாம்.

“இங்க வந்துதான் கைய எடுத்தேன். ஏன் தெரியுமா? பல்லுலயே உட்கார்ந்திருக்கவங்க நீங்க. ஒரு நாளாவது இதப் பத்தி ஒரு வார்த்தை பேசினீங்களா? அக்கா கண்ணுக்கே இது தப்பா படலன்னா யாருக்குப் பட்டா என்னன்னு நினைச்சேன். கடைசில நீங்களே என் வாய எடுத்து இன்னொருத்தருக்கு மாட்டிக் கிண்டல் பண்ணிட்டீங்க. நீங்க பண்ணதுன்னு சொன்னா உங்களுக்குத்தான் அசிங்கம்னு வாய மூடிட்டு இருந்தேன்.”

பெரியவள் கத்தியைக் கீழே வைத்தாள். தன் மௌனத்தை இவள் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அடக்கடவுளே.

“கிண்டல் இல்லடி.”

“பின்ன?”

பெரியவள் மேஜையில் ஒட்டியிருந்த மெழுகை நகத்தால் சுரண்டினாள்.

“பொறாமை.”

சின்னவள் புரியாமல் பார்த்தாள்.

“உன்மேலதான். நீ சிரிச்சா எனக்கு வயிறு எரியும். படி ஏறும்போதே எரியும். ராத்திரி பல்லக் கடிச்சுக் கடிச்சு வாயே திறக்க முடியல. உன் சிரிப்பக் கேட்டா எல்லாரும் ஓடி வராங்க. நான் செத்துக் கிடந்தாக்கூட, அக்கா வேலையா இருக்காங்கன்னு நினைச்சுக்கிட்டு சும்மா போயிடுவாங்க.”

சின்னவள் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தா, இந்த ஓட்டை வாயைப் பார்த்தா என்று ஏதோ கேட்க வந்தவளுக்குக் கேள்வி முடியும் முன்பே சிரிப்பு பீறிட்டது. கண்ணீர் பாட்டுக்கு ஒருபக்கம் ஓட, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அக்கா வேலையாக இருக்கிறார்கள் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு மறுபடி சிரித்தாள்.

“அசையாத” என்று சொல்லிப் பெரியவள் கத்தியை எடுத்தாள்.

இப்போது எல்லாம் தெரிந்தது. சந்து நேர் நடுவில் இல்லை, துளி இடப்பக்கம் தள்ளி இருந்தது. இடப்பல் லேசாகத் திரும்பி, கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி நின்றது. மேலுதடு அதில் தட்டி ஒரு கணம் தயங்கி, அப்புறம்தான் மேலே ஏறியது. சிரிப்பே அந்தத் தயக்கத்தில்தான் இருந்தது. எத்தனை அழகு என்று நினைத்தாள், நினைத்த மாத்திரத்தில் வயிறு எரிந்தது. சொல்லிவிட்டால் அணைந்துவிடும் என்று அவள் நம்பியிருந்தாள். அணையவில்லை. எரிந்தால் எரிந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டு, ஒவ்வொரு பல்லுக்கும் மெழுகு ஆறும்வரை பொறுத்திருந்து நட்டாள்.

சாயங்காலம் போன செட்டுக்கு மறுநாளே பதில் வந்தது. தையல்கார அம்மாவிடமிருந்து இந்தத் தடவை டாக்டர் சாமர்த்தியமாகச் செட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டாராம்; வேகவைத்து அனுப்பச் சொன்னார். முதலாளி பெரியவளின் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். பாராட்டினார். ஆனால் அவருக்கு ஒரு சந்தேகம் அரித்துக்கொண்டே இருந்தது. இந்த வருஷத்தில் பட்டறையிலிருந்து போன செட்டுகளிலேயே இதற்கு ஈடு இல்லை என்கிறார் டாக்டர். எந்த மனசோடு இதைச் செய்தீர்கள் என்று தெரிந்தால் மற்றவர்களுக்கும் சொல்லலாமே என்றார்.

“பொறாமையில சார்.”

பாலீஷ் மெஷின் நின்றது. மாவு அண்ணன் கரண்டியோடு திரும்பினார். கூட்டத்தில் காட்டிய படங்களில் இப்படி ஒன்று இருந்ததாக முதலாளிக்கு ஞாபகமே இல்லை. நாளைக் காலையில் இந்த மேஜைக்கு வந்து மனசு எப்படி என்று கேட்பதா, கேட்டு இவள் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் சந்தோஷப்படுவதா, பயப்படுவதா என்று குழம்பினார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு நாற்காலி விஷயத்துக்கு வந்தார். ஜன்னலோரம் இனி யாருக்கு என்பதை இப்போதே முடிவுசெய்துவிடலாம் என்றார்.

பெரியவள் அதற்குத் தயாராக இருந்தாள். விடிந்ததிலிருந்து யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். சின்னவளே உட்காரட்டும் சார், எனக்கு உள்பக்கம் போதும் என்று சொல்லப்போகிறாள். பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு அதை வாய்க்குள்ளேயே பலமுறை சொல்லிப் பார்த்தும் வைத்திருந்தாள். அவளுடையது என்று இருப்பது அது ஒன்றுதான், அதை எடுத்துக் கொடுப்பாள். எல்லோரும் ஒரு நிமிஷமாவது அவளைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவள் எழுந்து நின்றாள், முந்தானையைச் சரிசெய்துகொண்டாள், வாயைத் திறந்தாள்.

“அக்காவுக்கே குடுத்துடுங்க சார்” என்றாள் சின்னவள், கடைவாய்ப்பல் ஒன்றை மெழுகில் அழுத்தியபடி. “எனக்கு உள்பக்கமே சுகமா இருக்கு.” சொல்லிவிட்டுக் கலகலவென்று சிரித்தாள்.

என்ன பெரிய மனசு இந்தப் பெண்ணுக்கு என்றார் மாவு அண்ணன். பாலீஷ் அண்ணன் தலையை ஆட்டி ஆட்டி ஆமோதித்தார். முதலாளி நெகிழ்ந்துபோய்ச் சின்னவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பெரியவள் திறந்த வாயை மூடிக்கொண்டு, தன் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள். விட்டுக்கொடுப்பதில்கூட முந்திக்கொண்டுவிட்டாள், பாவி.